கடலில் எறிந்த வெங்காயமும் எங்கள் பின்னல் ஷெட்டும்

1. திங்கட்கிழமைக் கூட்டம்

"சார், சம்திங் ஹாஸ் டு கோ ஓவர்போர்டு" என்று எங்கள் சின்ன முதலாளி சொன்னபோது மேசைமேல் காராச்சேவும் காபியும் இருந்தன. கப்பல் மூழ்கப்போகிறது என்ற செய்தியைக் காராச்சேவோடு கேட்பது எங்கள் ஆபீஸ் வழக்கம்.

நான் அப்போது சிவகாசியை அடுத்த தாயில்பட்டிப் பக்கம் ஒரு பட்டாசுக் கம்பெனியில் நிர்வாக மேலாளர். லைசென்ஸ், இன்ஸ்பெக்‌ஷன், பி.எஃப்., ஈ.எஸ்.ஐ. எல்லாம் என் பொறுப்பு. சூலக்கரை கலெக்டர் அலுவலகத்தில் எந்த விண்ணப்பம் எந்த மேசையில் எவ்வளவு காலம் தூங்கும் என்று எனக்குத் தெரியும். அதனால் தொழிலாளர்கள் எனக்கு 'ரூல்ஸ் சார்' என்று பெயர் வைத்திருந்தார்கள். பாராட்டாக வைத்த பெயர் அல்ல. நானும் அதைப் பாராட்டாக எடுத்துக்கொண்டு அவர்கள் சந்தோஷத்தைக் கெடுத்தேன்.

பிரச்சினை இதுதான். சரவெடி தயாரிக்கக் கூடாது என்று கோர்ட் போட்ட தடை உறுதியாகிவிட்டது. வெடிகளைத் திரியோடு திரி சேர்த்துச் சரமாகக் கோக்கும் வேலைக்குப் பின்னல் என்று பெயர். எங்கள் கம்பெனியில் பின்னல் வேலை முழுக்கப் பெண்கள் கையில் இருந்தது. இருபது பேர் இருப்பார்கள். பேசிக்கொண்டே பின்னுவார்கள், விரல்கள் தனியாக ஓடும். சரம் இல்லையென்றால் பின்னல் இல்லை. பின்னல் இல்லையென்றால் அவர்கள்?

சின்ன முதலாளி வெளிநாட்டில் எம்.பி.ஏ. படித்துவிட்டு வந்தவர். நல்ல மனிதர். ஆனால் படிப்போடு சேர்த்துச் சில வார்த்தைகளையும் பெட்டியில் கொண்டுவந்திருந்தார். எதை ஓவர்போர்டில் எறியலாம் என்று நான் கேட்டேன். அவர் வாயால் சொல்லவில்லை. சுவரில் தொங்கிய செக்‌ஷன் வரைபடத்தில் பின்னல் என்று எழுதியிருந்த கட்டத்தைப் பேனாவால் தொட்டார்.

ஃபோர்மேன் சங்கரலிங்கம் காராச்சேவு எடுத்த கையை அப்படியே வைத்துக்கொண்டார்.

2. அந்த வார்த்தை வந்த வழி

இந்தக் குறிப்பைப் படிக்கும் இளைய தலைமுறை ஆபீஸ்காரர்கள் இந்த மாதிரி வார்த்தைகளைத் தினமும் கேட்பார்கள். என்ன பொருள் என்று சொல்லிவிட்டு மேலே போகிறேன்.

'ஓவர்போர்டு' என்பதில் உள்ள போர்டு, கப்பலின் பக்கப் பலகை. அதைத் தாண்டி வெளியே எறிந்தால் கடல். ஒரு திட்டத்தையோ கொள்கையையோ ஆளையோ வேண்டாமென்று தூக்கிப் போடுவதை 'த்ரோ ஓவர்போர்டு' என்பார்கள். 'ஜெட்டிசன்' என்பதும் அதேதான். கொஞ்சம் கோட்டு சூட்டு போட்ட வார்த்தை. 'டீப் சிக்ஸ்' என்று ஒன்று உண்டு. ஆறு பாக ஆழத்தில் போடுவது. பாகம் என்பது தூத்துக்குடி மீனவர்கள் ஆழம் பார்க்கும் அளவு; ஒரு ஆள் இரண்டு கையையும் விரித்தால் ஒரு பாகம். அவ்வளவு ஆழத்தில் போட்டதை யாரும் தேடி எடுக்கப் போவதில்லை. ஒரு விஷயத்தை இனிமேல் யாரும் பேசவே கூடாது என்று அமுக்குவதற்கு இந்த வார்த்தை.

நான்காவது, 'கோ பை த போர்டு'. இதைப் பலரும் தவறாகப் பயன்படுத்துகிறார்கள். இதில் எறிகிறவர் யாரும் இல்லை. புயலில் முறிந்த பாய்மரம் பலகையோரம் சரிந்து தானாகக் கடலுக்குள் போவதுபோல, கவனிக்காமல் விட்டதால் கைநழுவிப் போவது. நல்ல பழக்கங்களும் விதிகளும் பெரும்பாலும் இப்படித்தான் போகின்றன. முடிவெடுத்து எறிந்தவர் என்று பின்னால் யாரையும் காட்ட முடியாது.

இதெல்லாம் எனக்கு அகராதியில் கிடைத்ததல்ல. பட்டாசுக்கு வருவதற்கு முன் தூத்துக்குடியில் ஒரு இன்சூரன்ஸ் கிளை அலுவலகத்தில் மரைன் கிளெய்ம் பார்த்துக்கொண்டிருந்தேன். அங்கே ஜெட்டிசன் உவமை அல்ல. ஈரத்தோடு வந்து மேசைமேல் உட்காரும்.

ஒரு தடவை மாலத்தீவுக்குப் போன தோணி ஒன்று நடுக்கடலில் காற்றில் மாட்டிக்கொண்டது. தண்ணீர் உள்ளே ஏறியது. தோணி ஓட்டிய தண்டல் வேறு வழியில்லாமல் மேலே இருந்த வெங்காய மூட்டைகளைக் கடலில் தள்ளச் சொன்னார். பாரம் குறைந்தது, தோணி தப்பியது. அதே தோணியில் நம் பக்கத்துத் தீப்பெட்டி வியாபாரி ஒருவருடைய லோடும் இருந்தது. ஒரு பெட்டிகூட நனையவில்லை. அவர் மகிழ்ச்சியாகத்தான் இருந்தார், வெங்காயக்காரர் நட்டத்தில் அவரும் பங்கு போட வேண்டும் என்று எங்கள் ஆபீஸிலிருந்து சொல்லும்வரை.

பஸ் பிடித்து வந்துவிட்டார். "என் சரக்கு பத்திரமா போய்ச் சேந்துட்டு. எவன் வெங்காயமோ கடல்ல போனதுக்கு நான் எதுக்குய்யா குடுக்கணும்?"

என் மேலதிகாரி அவருக்கு டீ வாங்கிக் கொடுத்துவிட்டு நிதானமாகச் சொன்னார்: "அண்ணாச்சி, அந்த வெங்காயம் உள்ள போகலைன்னா உங்க தீப்பெட்டி உள்ள போயிருக்கும். அவரு சரக்க எறிஞ்சு உங்க சரக்கக் காப்பாத்திருக்காக. சும்மா எறிய முடியுமா?"

கடல் வணிகத்தில் இது மிகப் பழைய விதி. எல்லோரையும் காப்பாற்ற ஒருவர் சரக்கை எறிந்தால், தப்பித்த எல்லோரும் அந்த நட்டத்தைப் பங்கு போட்டுக்கொள்ள வேண்டும். தப்பித்தது கப்பலும்தான், ஆகவே கப்பல்காரருக்கும் பங்கு உண்டு. எறிவதும் பங்கு போடுவதும் சேர்ந்துதான் ஒரு விதி. கரையில் இருப்பவர்கள் அந்த வார்த்தையைக் கடன் வாங்கியபோது முதல் பாதியை மட்டும் எடுத்துக்கொண்டார்கள். மற்றப் பாதி கனம்.

3. அஞ்சாவது ஆள்

கூட்டத்தில் நான் இவ்வளவும் சொல்லவில்லை. முதலாளி முன்னால் பாடம் நடத்தினால் என்ன ஆகும் என்ற ரூல்ஸும் எனக்குத் தெரியும். பின்னல் பெண்களை நிறுத்த வேண்டாம், வேறு வழி பார்ப்போம் என்று மட்டும் கேட்டேன்.

சின்ன முதலாளிக்கும் அவர்களை அனுப்ப மனம் இல்லை. மறுநாளே ஒரு யோசனையோடு வந்தார். சக்கரம், பூச்சட்டி (புஸ்வாணம்) ஷெட்டுகளில் ஷெட்டுக்கு நாலு பேர் இருக்கிறார்கள். ஒவ்வொன்றிலும் ஒருவரைக் கூடுதலாக உட்கார வைத்துவிட்டால் யாரையும் நிறுத்த வேண்டாம். கொஞ்ச நாளைக்கு அட்ஜஸ்ட் பண்ணிக்கொள்ளலாம்.

வெளியூர் வாசகர்களுக்கு இதில் என்ன கெடுதல் என்று தோன்றும். எங்கள் ஷெட் ஒவ்வொன்றின் சுவரிலும் சிவப்புப் பெயின்டில் 'ஆள் 4' என்று எழுதியிருக்கும். ஷெட்டுக்கு நாலு வாசல். நாலு மூலையில் நாலு பேர். ஒவ்வொரு ஆளுக்கும் ஒரு இடம், ஒவ்வொரு இடத்துக்கும் ஒரு வாசல். எங்கேயாவது பொறி கண்டால் யோசிக்க நேரம் கிடையாது. கால் தன் வாசலைப் பார்த்து ஓடும். அப்படி ஓடிப் பழகியிருப்பார்கள். பக்கத்து ஆளின் இடத்தில் மாறி உட்கார மாட்டார்கள், விளையாட்டுக்குக்கூட மாட்டார்கள். அஞ்சாவதாக உட்காருகிறவருக்கு இடம் இருக்கும், வாசல் இருக்காது. அவர் யாரோ ஒருவர் வாசலில் குறுக்கே விழுவார். அப்புறம் இரண்டு பேருக்கும் வாசல் இல்லை.

சங்கரலிங்கம் சத்தம் போடாத மனிதர். சாவிக்கொத்தை எடுத்து மேசைமேல் வைத்தார். "அஞ்சாவது ஆள் உக்காந்தா நான் கெளம்புறேன் மொதலாளி. வேற ஃபோர்மேன் பாத்துக்கிடுங்க."

சின்ன முதலாளி சாவியை அவர் பக்கமே தள்ளினார். "வேற யோசனை சொல்லுங்கண்ணே. நான் கெட்டது நினைச்சுச் சொல்லல."

அது உண்மைதான். இரக்கத்தால் சொன்னது. இந்தத் தொழிலில் விதிகள் பெரும்பாலும் பேராசையால் போவதில்லை; 'கொஞ்ச நாளைக்கு', 'பாவம் பிழைச்சுப் போகட்டும்' என்ற நல்ல வார்த்தைகளோடு போகின்றன. கோ பை த போர்டு என்று மேலே எழுதினேனே, அது இதுதான்.

4. பேச்சியம்மாள்

அன்று மாலை வேன் கிளம்பும் முன் பேச்சியம்மாள் என் அறைக்கு வந்தார். பின்னலில் மூத்தவர். ஐம்பதைத் தாண்டிய வயது. சிரிக்காமல் கேலி பேசுவார். மற்ற பெண்கள் வாசலுக்கு வெளியே நின்றார்கள்.

"சார், ஒண்ணு கேக்கணும். எங்கள நிப்பாட்டப் போறீகளா, இல்லையா? மத்தியானத்துல இருந்து ஆளாளுக்கு ஒரு கதை சொல்லுதாக."

இன்னும் முடிவாகவில்லை என்றேன்.

"முடிவாகலைன்னா நிப்பாட்டப் போறதுன்னுதான் அர்த்தம். முடிவான நல்ல சேதிய யாரும் மறைச்சு வைக்க மாட்டாக."

உட்காரச் சொன்னேன். உட்காரவில்லை. வேறு கம்பெனி பார்க்க முடியாதா என்று கேட்டேன். எல்லாக் கம்பெனியிலும் பின்னல் மூடியாயிற்று, தன் வயதுக்குப் புது வேலை யார் சொல்லிக்கொடுப்பார்கள் என்று கேட்டார். பிறகு குரலைத் தாழ்த்தி ஒன்று சொன்னார். ஊருக்குள் ஒருவன் வந்து பேசிவிட்டுப் போயிருக்கிறான். ஒரு வீட்டின் பின்பக்கம் தகரம் போட்டு, லைசென்ஸ் இல்லாமல் ரகசியமாகச் சரம் பின்னுகிறார்கள். கூலி இங்கே கிடைப்பதைவிடக் கூட. வேலை தெரிந்த கை வேண்டுமாம்.

"அங்க எத்தனை பேர் உக்காருதாக?" என்று கேட்டேன்.

"எம்புட்டுப் பேரு வந்தாலும் உக்காரலாமாம்."

"எத்தனை வாசல்?"

"ஒண்ணு." அதைச் சொல்லிவிட்டு என்னைப் பார்த்தார். "அடுப்படி வழியாத்தான் போகணுமாம். எங்ககூடப் பின்னுத செல்வி வாரேன்னு சொல்லிட்டா சார். நான் இன்னும் சொல்லல. அதான் கேக்க வந்தேன்."

வேன் ஹாரன் அடித்தது. அவர் போய்விட்டார். பின்னல் செக்‌ஷனை ஓவர்போர்டில் எறிந்தால் அவர்கள் எந்தக் கடலில் விழுவார்கள் என்பது எனக்கு அப்போது தெரிந்தது. அந்தத் தகரக் கொட்டகையைப் பற்றித் தெரிவிக்க வேண்டிய இடத்தில் மறுநாளே தெரிவித்தேன். அதிகாரிகள் வருவதற்குள் தகரம் வேறு வீட்டுக்குப் போய்விட்டது. இதுவும் எங்கள் பக்கத்து நடைமுறை.

5. வைப்பாற்றில் தண்ணீர் இல்லை

இரண்டு நாள் யோசித்தபின் எனக்கும் சங்கரலிங்கத்துக்கும் ஒரு வழி தெரிந்தது. அஞ்சாவது ஆளை உட்கார வைக்க முடியாது. நாலாவது ஆள் எழுந்து இடம் கொடுக்கலாம். சக்கரம், பூச்சட்டி ஷெட்டுகளில் இருக்கும் ஒவ்வொருவரும் வாரத்தில் ஒரு நாள் தங்கள் இடத்தை விட்டுக்கொடுத்தால், பின்னல் பெண்களுக்கு வாரத்தில் நாலு நாளாவது வேலை கிடைக்கும். முதலில் வெடிமருந்தே இல்லாமல் மணலை வைத்து அவர்களுக்கு வேலை பழக்க வேண்டும். பிறகு அட்டை ஒட்டுவது, திரி செருகுவது. மருந்து அடைக்கும் ஷெட் பக்கம் விடக் கூடாது. பின்னல் ஷெட்டுகளில் ஒற்றை வெடிக்குத் திரி செருக அனுமதி கேட்டு விண்ணப்பம் போட்டுவிடலாம். அது தூங்கி எழுந்து வரும்வரை இந்த ஏற்பாடு.

தாளில் நன்றாக இருந்தது. மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் வேப்பமரத்தடியில் எல்லோரிடமும் சொன்னபோது அவ்வளவு நன்றாக இல்லை.

முருகேசன் எழுந்தான். சக்கர ஷெட்டில் கெட்டிக்காரன். பீஸ் ரேட் வேலையில் அவன் ஒரு நாள் சம்பாதிப்பதைப் பலர் ஒன்றரை நாளில் சம்பாதிப்பார்கள்.

"பின்னல் நின்னதுக்கு நாங்களா சார் காரணம்? எங்க சக்கரம் ஓடிட்டுத்தான இருக்கு? நாங்க எதுக்கு ஒரு நாள விடணும்?"

அன்றைக்குத் தூத்துக்குடிக்கு பஸ் பிடித்து வந்த தீப்பெட்டி வியாபாரியே எழுந்து நின்று பேசியதுபோல எனக்குத் தோன்றியது. நான் தோணிக் கதையைச் சொன்னேன். வெங்காயம், காற்று, பங்கு எல்லாம். நன்றாகவே சொன்னேன் என்று நினைக்கிறேன். முருகேசன் முழுக்கக் கேட்டுவிட்டுச் சொன்னான்: "கப்பலு, தோணினு எங்ககிட்ட எதுக்கு சார்? நம்ம வைப்பாத்துலயே தண்ணி கெடையாது."

வேப்பமரத்தடியே சிரித்தது. பின்னல் பெண்களும் சிரித்தார்கள். பேச்சியம்மாள்தான் சிரிப்பு அடங்கியதும் கேட்டார்: "ஏலே முருகேசா, தண்ணி இல்லாட்டி என்ன? நெருப்பு இருக்குல்ல?"

முருகேசன் சாப்பாட்டுத் தூக்கை மூடி வைத்தான். பிறகு என்னிடம் திரும்பி, சிரிக்காமல் கேட்டான்: "சரி சார். நாங்க ஒரு நாள எறியுறோம். மொதலாளி என்ன எறியுறாக?"

அதற்குப் பிறகு யாரும் சிரிக்கவில்லை. எல்லோரும் என்னைப் பார்த்தார்கள்.

6. கப்பல்காரர் பங்கு

அந்தக் கேள்வியை அப்படியே கொண்டுபோய்ச் சின்ன முதலாளி மேசைமேல் வைத்தேன். அவர் அப்பா காலத்திலிருந்து நான் அங்கே இருப்பதால், ஆள் இல்லாதபோது அவரைத் தம்பி என்று கூப்பிடுவேன்.

தோணிக் கதையை அவரிடமும் சொன்னேன். கேட்டுவிட்டு நாற்காலியில் சாய்ந்தார். "நான் ஒரு பேச்சுக்குச் சொன்ன வார்த்தை சார். அதைப் பிடிச்சுக்கிட்டு இவ்வளவு தூரம் வருவீங்கன்னு தெரிஞ்சிருந்தா தமிழ்லயே சொல்லியிருப்பேன்."

"தமிழ்ல என்னன்னு சொல்லியிருப்பீக தம்பி?"

யோசித்தார். "'பின்னல் பொம்பளைங்கள நிப்பாட்டிருங்க'ன்னு."

"சொல்லியிருப்பீகளா?"

ஜன்னல் வழியே வேன் நிற்கும் இடத்தைப் பார்த்தார். சின்ன வயதில் லீவு நாட்களில் கம்பெனிக்கு வந்தால் பின்னல் ஷெட் வெளியே நின்று அந்தப் பெண்கள் கைகளையே பார்த்துக்கொண்டிருப்பார். கிட்டப் போகக் கூடாது என்று அவரை விரட்டியவர்களில் பேச்சியம்மாளும் ஒருவர்.

தப்பித்துக்கொள்வதற்காகச் சொல்லும் வார்த்தை எந்த மொழியிலும் உண்டு, தமிழிலும் உண்டு. ஆனால் பழக்கமில்லாத கடலிலிருந்து வந்த வார்த்தையில் ஒரு வசதி. அதில் சரக்கு மட்டும்தான் தெரியும், முகம் தெரியாது.

"கப்பல்காரனும் பங்கு போடணுமா சார்?" என்று கேட்டார்.

"கப்பலும் தப்பிச்சுதுல்ல தம்பி."

சாத்தூர் ரோட்டில் அவர் ஒரு ஷோரூம் கட்டிக்கொண்டிருந்தார். முகப்பு முழுக்கக் கண்ணாடி. அவருடைய ஆசைக் கட்டடம். போனில் அதன் படத்தை வைத்திருந்தார். எனக்கு இரண்டு தடவை காட்டியிருக்கிறார். போனை எடுத்து அந்தப் படத்தைப் பார்த்தார். பிறகு காண்ட்ராக்டரைக் கூப்பிட்டு, தூண்களோடு நிறுத்திக்கொள்ளச் சொன்னார். இடத்தை விட்டுக்கொடுக்கும் நாளுக்கு ஷெட் ஆட்களுக்குப் பாதிக் கூலியைக் கம்பெனி கொடுக்கும் என்று முடிவானது.

மறுநாள் வேப்பமரத்தடியில் அவரே வந்து சொன்னார். ஆங்கிலம் கலக்காமல் பேசினார். கொஞ்சம் திக்கியது. முருகேசன் எழுந்து, "ஷோரூம் கட்டி முடிச்சிருந்தா கண்ணாடி தொடைக்கவே தனியா ஆள் போடணும் மொதலாளி, விடுங்க" என்றான். அதுதான் அவன் சம்மதம்.

எங்களுக்கு மேலாண்மை வகுப்பு எடுக்க மாதாமாதம் வந்து, பின்னலைக் கடாசிவிடலாம் என்று சின்ன முதலாளிக்கு யோசனை சொன்ன ஆலோசகர் ஒருவர் இருந்தார். அனுமதியில்லாமல் மேல்தளத்தில் கட்டிவைத்த சரக்கை எறிந்தால் அதற்கு யாரும் பங்கு தர வேண்டியதில்லை என்று மரைன் விதி சொல்கிறது. அவர் அப்படிப்பட்ட சரக்கு; அந்த மாதத்தோடு அவர் வருவது நின்றது. இதைப் பற்றி மேலே எழுத ஒன்றுமில்லை.

7. புதன்கிழமை மாலை

முருகேசனின் இடத்தில் வியாழக்கிழமைகளில் பேச்சியம்மாள் உட்கார வேண்டும். முதல் வியாழனுக்கு முந்தின மாலை, ஷெட்டைக் கழுவி முடித்தபின் அவர்கள் இரண்டு பேரும் உள்ளே நிற்பதைப் பார்த்தேன்.

"அக்கா, இந்த மூலை என்னோடது. எனக்கு மேற்கு வாசல். நாளைக்கு ஒங்களுக்கும் மேற்குதான். பக்கத்துல இருக்கவ தெற்கால ஓடுவா, அவ பின்னால போயிராதீக."

"தெரியும்லே. ஓடத் தெரியாமலா இம்புட்டு வருசம் இருந்தேன்?"

"தெரிஞ்சாலும் ஓடிக் காட்டுங்க."

அவர் புடவையை இடுப்பில் செருகிக்கொண்டு ஓடினார். வாசல் தாண்டி, மணலில் பத்தடி போய் நின்றார். முருகேசன் திருப்தி இல்லாமல் இன்னொரு தடவை ஓடச் சொன்னான். கூலியை விட்டுக்கொடுத்ததை அவன் சொல்லிக்காட்டியதில்லை என்று சொல்ல மாட்டேன், வாரம் ஒரு தடவை சொல்லிக்காட்டினான். ஆனால் தன் வாசலை ஒழுங்காகக் கொடுத்தான்.

எல்லாம் சரியாக நடந்தது என்று எழுதினால் பொய். சிலருக்குப் புது வேலை கைக்கு வரவில்லை. அவர்கள் சிவகாசியில் காலண்டர் பிரஸ்களுக்குப் போனார்கள். தகரக் கொட்டகைக்குப் போன செல்வி திரும்பி வரவே இல்லை. வேன் தினமும் அவள் தெரு முனையில் நிற்கும். முதல் மாதம் டிரைவர் இரண்டு தடவை ஹாரன் அடித்துப் பார்த்தார். பிறகு ஒரு தடவை. பிறகு நிற்காமல் போனார். அவளை யாரும் எறியவில்லை.

8. அடுத்த சீசன்

பின்னல் ஷெட்டுகளுக்கு ஒற்றை வெடி அனுமதி வந்தது. பெண்கள் தங்கள் பழைய ஷெட்டுகளுக்கே திரும்பினார்கள். சுவரில் புதிதாக 'ஆள் 4' எழுதினோம். முருகேசனுக்கு வியாழக்கிழமை திரும்பக் கிடைத்தது. விருந்து வைக்கப்போவதாக எல்லோரிடமும் சொல்லிக்கொண்டு திரிந்தான். வைக்கவில்லை.

அடுத்த சீசனில் பேரியம் உப்பின் மேல் இருந்த தடை இறுகியது. சக்கரத்துக்கும் பூச்சட்டிக்கும் அதுதான் மருந்தில் முக்கியம். மாற்று ஃபார்முலாவுக்கு அனுமதி வரும்வரை அந்த ஷெட்டுகளைப் பூட்ட வேண்டியதாயிற்று. பூட்டியது நான்தான். சீல் வைக்கும்போது முருகேசன் திரி செருகும் தன் பித்தளைக் கம்பியைத் துணியில் சுற்றி எடுத்துக்கொண்டு போனான்.

மற்றவர்கள் வந்து கேட்டார்கள், என்ன செய்யப்போகிறீர்கள் என்று. அவன் வரவில்லை. வேப்பமரத்தடியில் தான் பேசியது அவனுக்கு ஞாபகம் இருந்திருக்கும். நாலைந்து நாளில், டீக்கடையில் அந்தத் தகரக் கொட்டகை ஆளோடு அவன் உட்கார்ந்திருந்ததாகச் சங்கரலிங்கம் கேள்விப்பட்டு வந்து சொன்னார்.

பெண்களிடம் எப்படிக் கேட்பது என்று நான் வார்த்தை தேடிக்கொண்டிருந்தேன். அதற்குள் பேச்சியம்மாள் என் அறைக்கு வந்துவிட்டார். இந்தத் தடவை உட்கார்ந்தார்.

"எங்க ஷெட்டுல ஆளுக்கு ஒரு நாள் விட்டுக்குடுக்கோம் சார். எல்லாரும் சரின்னுட்டாளுக. ஒருத்தி மட்டும் எதுக்குன்னு கேட்டா."

"நீங்க என்ன சொன்னீக?"

"வெங்காயக் கதையச் சொன்னேன். நீங்க சொன்ன அளவுக்கு நீளமா இல்ல."

முருகேசன் அந்த ஆளோடு பேசிவிட்டானாமே என்றேன். முந்தின நாள் மாலையே அவன் வீட்டுக்குப் போய் வந்துவிட்டதாகச் சொன்னார். என்ன பேசினார் என்று கேட்டேன்.

"ஒண்ணும் பேசல. அங்கன ஒனக்கு எந்த வாசல், அத மட்டும் சொல்லுலேன்னு கேட்டேன். அவனால சொல்ல முடியல. அவன் பொஞ்சாதி கேட்டுட்டு நின்னா. பெறவு அவ பாத்துக்கிட்டா."

சின்ன முதலாளி பாதிக் கூலியைத் திரும்பவும் கொடுத்தார். இந்தத் தடவை யாரும் அவரைக் கேட்க வேண்டியிருக்கவில்லை. ஷோரூம் தூண்கள் இன்றைக்கும் சாத்தூர் ரோட்டில் கம்பி நீட்டிக்கொண்டு நிற்கின்றன. அந்தப் பக்கம் பஸ்ஸில் போகும்போது பார்க்கலாம்.

நான் ஓய்வு பெற்றுவிட்டேன். கூட்டங்களில் உட்காரும் உங்களுக்கு நான் சொல்லக்கூடியது ஒன்றுதான். யாராவது 'ஓவர்போர்டு' என்றோ 'ஜெட்டிசன்' என்றோ சொன்னால் இரண்டு கேள்வி கேளுங்கள். எறியப்போவதைத் தமிழில் எப்படிச் சொல்வீர்கள்? தப்பிக்கிறவர்கள் யார் யார், என்ன பங்கு போடுகிறார்கள்? இரண்டுக்கும் பதில் வந்தால் எறியலாம். சில நேரம் எறியத்தான் வேண்டும், தண்டல் எறிந்ததால்தான் தோணி தப்பியது. பதில் வராவிட்டால் காராச்சேவைத் தள்ளி வைத்துவிட்டு இன்னும் கொஞ்ச நேரம் பேசுங்கள்.

முருகேசன் பின்னல் ஷெட்டில் முதலில் உட்கார வேண்டிய காலையில் நான் அங்கே இருந்தேன். வேலை தொடங்கும் மணி இன்னும் அடிக்கவில்லை. பேச்சியம்மாள் தன் மூலையைக் காட்டினார்.

"இது என் எடம். ஒனக்குக் கெழக்கு வாசல்."

"எனக்கு மேற்குதான் பழக்கம் அக்கா."

"அது அங்கன. இங்கன கெழக்கு. ஓடிக் காட்டு."

"இம்புட்டுப் பேரு பாக்குறாகளே."

"பாக்கட்டும். ஓடுலே."

மீசையைத் தடவிக்கொண்டு ஒரு தடவை எங்களைப் பார்த்தான். பிறகு ஓடினான். கால் பழக்கத்தில் மேற்கே திரும்பப் போய், பாதியில் நின்று, கிழக்கே திரும்பினான். பெண்கள் சிரித்தார்கள். பேச்சியம்மாள் சிரிக்கவில்லை.

"இன்னொரு தடவை" என்றார்.